கத்தியைத் தீட்டும் தோலுக்கு ஏது தீட்டு?

போன மாதம் எங்கள் மாலைநேர வகுப்புக்கு வரும் தம்பி ஒருவன் துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். பிரித்துப் பார்த்தால் பழைய மடக்குச் சவரக் கத்தி. பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி வாங்கியிருக்கிறான். முடிதிருத்தும் பயிற்சியை ஆறு மாதம் முடித்தவன். தங்கள் காலனியிலேயே கடை போடக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறான்.

"அண்ணா, பிளேடு மாட்டி சேவிங் பண்ண எல்லாருக்கும் தெரியும். இந்தக் கத்தியையும் கத்துக்கணும்னு ஆசை. இதைத் தீட்டத் தோல் வேணுமாம். எந்தத் தோல் வாங்கறது?" என்றான்.

சமூகப் பணியாளனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். அவன் ஆள் பார்த்துத்தான் கேட்டான். என் தாத்தா பாலாற்றங்கரைத் தோல் ஷாப்பில் முப்பது வருடம் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சேரி ஆண்களுக்கு வேப்பமரத்தடியில் முடிவெட்டி, சவரம் செய்துவிட்டவரும் அவரே. ஊரில் நாவிதர் இருந்தார். எங்களுக்கு இல்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒரு தோல் வாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது சாதியில் போய்த்தான் நிற்கிறது.

தோல் என்ன செய்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தோல் கத்தியைக் கூராக்குவதில்லை. அது சாணைக்கல்லின் வேலை. கல் இரும்பைத் தேய்த்து முனையை உருவாக்கும். தோல் அந்த முனையை நேராக்கி வழவழப்பாக்கும். ஒவ்வொரு சவரத்திலும் முனை கண்ணுக்குத் தெரியாத அளவில் மடங்கிப்போகிறது. அடுத்த சவரத்துக்கு முன் அதை நிமிர்த்த வேண்டும். அதற்குத்தான் தோல். கல்லில் மாதக் கணக்குக்கு ஒருமுறை போட்டால் போதும். தோலில் ஒவ்வொரு முறையும் போட வேண்டும்.

புதிதாகக் கற்பவர் எதை வாங்குவது? விலை குறைந்ததை வாங்குங்கள். முதல் சில வாரங்களில் எல்லோரும் தோலைக் கீறுவார்கள். குதிரைத் தோலில் செய்த உயர்ந்த ரக வாரை வாங்கி, அதில் பழகி, அதையே வெட்டி வைப்பதில் அர்த்தமில்லை.

அகலம் மூன்று அங்குலம் இருந்தால் நல்லது. சவரக் கத்தியின் அலகும் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான், ஆகவே நேராக இழுத்தாலே முழு முனையும் தோலில் படும். இரண்டு அங்குல வாரென்றால் குறுக்காகச் சரித்து இழுக்க வேண்டும், அது பழகியவர்களுக்கு. தொங்கும் வாரைத் தளரவிடாமல் இழுத்துப் பிடிக்கக் கை பழக வேண்டும். பிடிக்க முடியாதவர்கள் பலகையில் ஒட்டிய தோலில் ஆரம்பிக்கலாம், அது தொய்யாது. பின்புறம் கித்தான் துணி வைத்த வார் கிடைத்தால் முதலில் துணியில் இருபது முறை, பிறகு தோலில் நாற்பது ஐம்பது முறை.

இழுக்கும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், முனை பின்னால் வர வேண்டும். முதுகும் முனையும் இரண்டுமே தோலில் படுத்திருக்க வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். முனையின் மேல் புரட்டினால் தோல் கிழியும், முனையும் கெடும். அழுத்தவே கூடாது. வேகம் தானாக வரும். சினிமாவில் வருகிற மாதிரி படபடவென்று அடிப்பது ஆபத்து.

தோலில் முக்கியமானது பதம். மரப்பட்டையில் பதப்படுத்திய கெட்டித் தோல் வேண்டும். குரோமியத்தில் பதப்படுத்திய மெத்தென்ற தோல் இழுபடும், முனையைக் கெடுக்கும். மாட்டுத் தோல், எருமைத் தோல் இரண்டும் போதும். எண்ணெயை ஊற்றாதீர்கள். தினமும் உள்ளங்கையால் தேய்த்தால் கையின் பிசுக்கே போதும்.

வாங்கும் முறை இவ்வளவுதான். அந்தத் தோலைப் பதப்படுத்தியவர் யார் என்று கேட்கும்போதுதான் வரலாறு தொடங்குகிறது.

ஆவாரம்பட்டையும் ஐரோப்பிய முகங்களும்

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தமிழ்நாட்டின் தோல் ஊர்கள் எல்லாம் ஆவாரம்பட்டையில் வளர்ந்தவை. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரைக் கழற்றி, கொடுவாளால் சதையை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்தி, கடுக்காயில் முடிப்பார்கள். இப்படிப் பாதிப் பதத்தில் நின்ற தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக அது லண்டனுக்குப் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ்களுக்கு மதராஸ் மாட்டுத் தோல் தேவைப்பட்டதால், அரசே அந்த வியாபாரத்தைக் கட்டுப்பாட்டில் எடுத்தது.

இந்தத் தொழிலின் முதலாளிகள் வேறு. குழிக்குள் நின்றவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். வட ஆற்காட்டில் ஆதிதிராவிடர்கள், வேறு பகுதிகளில் அருந்ததியர்கள். சுண்ணாம்பு அரித்து நகம் சொத்தையாகிப்போன விரல்கள்தான் என் தாத்தாவின் அடையாள அட்டை. ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில் குரோம் பதத்தைத் தொடங்கிவைத்தார். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கே அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. தொழில்நுட்பம் மாறியது. குழியில் இறங்கும் ஆட்கள் மாறவில்லை. குரோமியக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தண்ணீரை முதலில் தொட்ட உடம்புகள் எவை என்று அந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் நாவிதருக்குக் கத்தி தீட்ட நல்ல தோல் வேண்டும். கடையில் வாங்கக் காசில்லை. அவர் எங்கே வருவார்? தோல் ஷாப்பில் வேலை செய்யும் என் தாத்தாவிடம்தான் வருவார். சேரி எல்லையில் நின்று கூப்பிடுவார். தாத்தா ஓரம் கழித்த துண்டுகளில் கெட்டியானதாகப் பார்த்து இரண்டு விரற்கடை அகலத்தில் வார் பிடித்துக் கொடுப்பார். கையில் கொடுப்பதில்லை. கல்லின் மேல் வைப்பார். நாவிதர் அதன்மேல் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார்.

பிறகு அந்த வார் ஊர்த்தெருவுக்குப் போகும். அதில் தீட்டிய கத்தி மணியக்காரர் கன்னத்தில் ஓடும். பண்ணையாரின் தொண்டையில் ஓடும். கல்யாண மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கும். கருமாதி வீட்டில் தலை மழிக்கும். என் தாத்தா தொட்டு, மிதித்து, வழித்துப் பதப்படுத்திய மாட்டுத் தோல், ஊரின் அத்தனை புனித முகங்களையும் அந்தக் கத்தி வழியாகத் தொட்டது. ஒருவருக்கும் தீட்டு ஒட்டவில்லை. ஆனால் அதே கத்தி என் தாத்தாவின் முகத்தைத் தொட்டால் மட்டும் ஊரே தீட்டுப்பட்டுவிடும்!

தமிழில் இந்தச் சொல்லைக் கவனியுங்கள். கத்தியைத் தீட்டுவதும் தீட்டுதான், மனிதரை ஒதுக்குவதும் தீட்டுதான். கத்திக்குத் தீட்டு அழுக்கைப் போக்கும் வேலை. மனிதருக்குத் தீட்டு இல்லாத அழுக்கை ஏற்றும் வேலை. சமூகவியல் வகுப்பில் தூய்மை, மாசு என்று பெரிய கோட்பாடுகளைப் படித்தேன். அந்தக் கோட்பாடுகள் எல்லாம் என் தாத்தா வைத்துவிட்டுப் போன அந்தக் கல்லின் முன் தடுமாறுகின்றன. தோலே மாசு என்றால் அந்த வாரை யாரும் தொட்டிருக்கக் கூடாது. மிருதங்கத்துக்கும் இதே கதைதான். மாட்டுத் தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அதைச் செய்துகொடுத்த தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் எழுதினார். பொருள் உள்ளே வரலாம், வேலை உள்ளே வரலாம், ஆள் மட்டும் வரக் கூடாது. சாதியின் கணக்கு இதுதான்.

அம்பேத்கரின் தலைமுடி

அண்ணல் அம்பேத்கர் தன் சிறுவயதைப் பற்றி எழுதியதில் இது வருகிறது. சதாராவில் அவர்கள் வீட்டுக்குப் பணம் கொடுத்து முடிவெட்டிக்கொள்ள வசதி இருந்தது. ஊரில் நாவிதர்களும் இருந்தார்கள். ஆனால் தீண்டப்படாதவருக்கு முடிவெட்ட ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் அக்காதான் தம்பிகளுக்கு முடிவெட்டிவிட்டார், செய்து செய்து அதில் தேர்ந்தவராகவே ஆகிவிட்டார். இந்தியாவின் அரசியல் சட்டத்தை எழுதப்போகும் தலைக்கு அக்கா கத்திரி பிடித்திருக்கிறார்.

அந்தப் பையன் இதை மறக்கவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பாகுபாட்டுத் தடைப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. கடைகளுக்குள் நுழையும் உரிமை அதில் இருந்தது. 'கடை' என்றால் எது எது என்ற கேள்வி எழுந்தது. அம்பேத்கர் அந்தச் சொல்லைக் குறுக்கவிடவில்லை. சேவை தர முன்வரும் எவருடைய இடமும் அதில் அடங்கும் என்று விரிவாகப் பொருள் சொன்னார். இன்று அது அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் இருக்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆனது. அதன் 6-ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பதையும் சேவை செய்ய மறுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது.

ஆக, சலூனில் நமக்கு முடிவெட்ட மறுப்பது குற்றம். இதைத் தெரியாத இளைஞர்கள் இன்றும் நம் காலனிகளில் இருக்கிறார்கள். தெரிந்தும் கடைக்காரரிடம் "சீப்பு இல்ல", "கரண்ட் இல்ல", "கடை மூடப்போறேன்" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தம்பியின் அப்பா அவர்களில் ஒருவர்.

நாவிதரும் விடுதலை பெற்றவர் இல்லை

இங்கே நாம் ஒன்றை நேர்மையாகப் பேச வேண்டும். மறுத்த கை நாவிதருடையது. மறுக்கச் சொன்ன வாய் வேறு யாருடையதோ.

எங்கள் பகுதியில் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். தோல் தீட்டும் கைப்பக்குவத்தைக் கேட்க அந்தத் தம்பியை அவரிடம்தான் அழைத்துப்போனேன். தம்பியின் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். தீட்டிக் காட்டினார். பிறகு நான் கேட்டேன், "ஐயா, அந்தக் காலத்தில எங்க ஆளுங்களுக்கு ஏன் வெட்டல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெட்டணும்னு தோணாம இல்ல தம்பி. அறுப்புக்கு அறுப்பு களத்துல அவங்க போடுற மேரையிலதான் எங்க அடுப்பு எரிஞ்சுது. உங்க தெருவுல கால் வச்சேன்னு தெரிஞ்சா அடப்பத்தைப் புடுங்கிக்கிட்டு ஊரை விட்டுத் தொரத்திடுவாங்க. எங்கள மட்டும் திண்ணையில ஏத்துனாங்களா என்ன? பின்பக்கமாத்தான் போவணும்" என்றார்.

இது முழு உண்மை என்று சொல்லமாட்டேன். பயமும் இருந்தது, நம்மைவிட ஒரு படி மேலே நிற்கிறோம் என்ற நினைப்பும் இருந்தது. படிநிலை வைத்த சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். மிதிபடுகிறவருக்கும் மிதிக்க ஒருவரைக் கொடுத்துவிட்டால் ஏணி ஆடாது. நமக்குள்ளும் அது இருக்கிறது. பல ஊர்களில் நமக்குத் துணி வெளுத்து, முடிவெட்டி, சாவுக்கு வேலை செய்த புதிரை வண்ணார்களை நம் மக்கள் எப்படி நடத்தினார்கள்? கட்டுரை எழுதுகிற நான் அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் நாவிதர்கள் கத்தியைக் கீழே வைத்த வரலாறும் உண்டு. 1890-இல் பம்பாயில் ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் இயக்கத் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே முன்னெடுத்ததில், விதவைகளின் தலையை இனி மழிக்கமாட்டோம் என்று நாவிதர்கள் கூடி முடிவெடுத்தார்கள். பிராமணக் குடும்பத்துப் பெண்களுக்காகச் சூத்திரத் தொழிலாளர்கள் செய்த போராட்டம் அது. வேலை செய்ய மறுப்பது சாதியைக் காக்கவும் பயன்படும், சாதியை உடைக்கவும் பயன்படும். யாருக்காக மறுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கறுப்பினத்தவர் கையில் கத்தி

அமெரிக்காவில் இதே கத்தி வேறொரு விதமாக ஓடியது. அடிமை முறை இருந்த தென் மாநிலங்களில் வெள்ளையர்களுக்குச் சவரம் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வெள்ளை முதலாளி கழுத்தை நிமிர்த்திக் கறுப்பினத்தவரின் கத்திக்குக் கீழே கண்ணை மூடிப் படுத்திருப்பார். அதில் அவருக்குத் தீட்டு இல்லை. ஆனால் அதே நாற்காலியில் ஒரு கறுப்பினத்தவர் வந்து உட்கார்ந்தால் அந்தக் கடைக்கு மறுநாள் வெள்ளையர் வரமாட்டார்கள். அடிமையாகப் பிறந்து அட்லாண்டாவில் புகழ்பெற்ற சலூன்களை நடத்திய அலோன்சோ ஹெர்ண்டன், 1905-இல் கறுப்பினத்தவருக்கான காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் செல்வந்தர் ஆனார். அவருடைய சலூன் நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் வெள்ளையர்கள் மட்டுமே.

மிசிசிப்பி மாநிலத்தில் நாட்செஸ் என்ற ஊரில் வில்லியம் ஜான்சன் என்ற நாவிதர் இருந்தார். அடிமையாகப் பிறந்து 1820-இல் விடுதலை பெற்றவர். ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாம் அவர் கடையில்தான் சவரம் செய்துகொண்டார்கள். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார். பின்னாளில் அவரே அடிமைகளை வாங்கி வைத்திருந்தார் என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. ஏணியைப் பற்றி மேலே சொன்னது அங்கும் பொருந்தும். 1851-இல் எல்லைத் தகராறில் பேலர் வின் என்பவர் அவரைச் சுட்டுக் கொன்றார். பார்த்த சாட்சிகள் கறுப்பினத்தவர். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. வின் தன்னை வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டார். தண்டனை இல்லாமல் வெளியே வந்தார்.

ஊரின் அத்தனை தொண்டைகளையும் நம்பி ஒப்படைத்த கைக்கு, நீதிமன்றத்தில் அதே நம்பிக்கை கிடைக்கவில்லை. வேலைக்காரராகத் தொட்டால் சரி, சமமாக எதிரே நின்றால் குற்றம். நாட்செஸ் ஊருக்கும் நம் ஊருக்கும் இடையே கடல் இருக்கலாம். இந்த விதி ஒன்றுதான்.

இனி நாற்காலி

மடக்குக் கத்தியின் காலம் முடிந்துபோனது. 1904-இல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற பிளேடு ரேசர் வீடுகளுக்குள் வந்தது. நம் சலூன்களில் மடக்குக் கத்தியும் தோல் வாரும் இன்னும் நெடுங்காலம் தொங்கின. 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதன் பிறகு வந்த விழிப்புணர்வில், ஆளுக்கொரு புது பிளேடு என்பது வழக்கமானது. அது நல்லது. அந்தத் தம்பிக்கும் சொன்னேன், மடக்குக் கத்தி உன் முகத்துக்கு மட்டும், வருகிறவர்களுக்கு எப்போதும் புது அரை பிளேடுதான் என்று.

கத்தி மாறியது, வார் இறங்கியது. நாற்காலி மாறியதா? இரட்டைக் குவளை மறைந்த ஊர்களில் பேப்பர் கப் வந்த மாதிரி, சலூன்களிலும் மறுப்பு உருமாறியிருக்கிறது. அதனால் தோழர்களே, மறுக்கப்பட்டால் பஸ் ஏறாதீர்கள். தேதி, நேரம், கடை, உடனிருந்தவர் யார் என்று எழுதி வையுங்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அந்தக் கடைக்காரரும் ஊருக்குப் பயந்தவராக இருக்கலாம். அப்படியென்றால் அவரைப் பயமுறுத்தியவர் பெயரும் புகாரில் வரட்டும்.

அந்தத் தம்பி கடைசியில் மூன்று அங்குல அகலத்தில் எருமைத் தோல் வார் ஒன்று வாங்கினான். பெரிய விலை இல்லை. அதில் இதுவரை இரண்டு கீறல் போட்டுவிட்டான். கடைக்குக் கடன் வந்துவிட்டது. இடம்தான் பிரச்சினை. காலனிக்குள் போடு, பிரச்சினை வராது என்கிறார்கள் வீட்டில். அவன் ஊர் பஸ் நிறுத்தத்தில்தான் போடுவேன் என்று நிற்கிறான். "எங்க அப்பாவை உட்கார வைக்காத ஊரு, என் நாற்காலியில வந்து உட்காரட்டும். யார் வந்தாலும் வெட்டுவேன்" என்கிறான். வாடகைக்கு இடம் கேட்டு மூன்று பேரைப் பார்த்தாகிவிட்டது. மூவரும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.

அவர்கள் யோசித்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருக்கப்போவதில்லை. ஊராட்சிக் கடைகளின் ஏலத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஜெய்பீம்.